விசில் மாமா ஆண்டிவைரஸுக்கு ஆள் எடுத்த கதை

தோளில் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறவனை எந்தக் காவலாளியும் தடுப்பதில்லை. என் மாமா முப்பது வருட அனுபவத்தில் கண்டுபிடித்த உண்மை இது. வெறுங்கையோடு வருகிறவனிடம் யார், எங்கே, எதற்கு என்று ஆயிரம் கேள்வி கேட்பார்கள். நாற்காலியோடு வருகிறவனுக்கு ஓடிவந்து கதவைத் திறந்துவிடுவார்கள். பாவம், கனக்குமே என்று.

மாமா என் அம்மாவின் தம்பி. கட்டடங்களுக்குக் காவலாளிகளை அனுப்பும் நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளர். புதிதாக ஒருவரை ஒரு வாசலில் நிறுத்தினால், பத்து நாளைக்குள் மாமா ஒரு பழைய சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, தோளில் நாற்காலியோடு அங்கே போவார். ஆள் எடுப்பதெல்லாம் போனிலேயே என்பதால் புதியவருக்கு அவர் முகம் தெரியாது. சரியாக மதியம் இரண்டரை மணிக்குத்தான் போவார்.

"ராத்திரி பயத்துலயே எல்லாரும் முழிச்சிருப்பாங்க. சாப்பிட்டதுக்கு அப்புறம் எவன் முழிச்சிருக்கான்னு பாரு, அவன்தான் காவல்காரன்" என்பார்.

உள்ளே போய்க் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியே வருவார். சுவர்க் கடிகாரம், மேசை விசிறி, ஒரு தடவை மீன் தொட்டி, மீன்களோடு. வாசலைத் தாண்டியதும் திரும்பி நின்று விசிலை ஊதுவார். காவலாளி தூக்கத்திலிருந்து துள்ளி எழுவார். அதனால் நிறுவனத்தில் அவருக்கு 'விசில்' என்று பெயர். அவருக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்வார்கள். அத்தை மட்டும் நேரிலேயே சொல்வாள்.

மாமாவும் ஒரு காலத்தில் வாசலில் நின்றவர்தான். இருபத்திரண்டு வயதில், முதல் வேலையில், ஒரு விடியற்காலையில் மதில் ஏறிக் குதித்த ஒருவனைப் பிடித்து டார்ச் விளக்காலேயே நாலு போடு போட்டார். விடிந்ததும் பார்த்தால் அவன் வீட்டுக்காரரின் மருமகன். வெளியூரிலிருந்து வந்தவன். ஏனப்பா மதில் ஏறினாய் என்று கேட்டதற்கு, "வாசலைப் பூட்டிட்டு உங்க காவல்காரர் டீ குடிக்கப் போயிட்டாரு" என்று சொல்லியிருக்கிறான். அன்றே மாமாவுக்கு வேலை போயிற்று. அன்றிலிருந்து அவர் ஒரு விதி வைத்திருக்கிறார். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் போனில் முதல் வார்த்தையாக அதைத்தான் சொல்வார்: "பிடிச்சவனை அடிக்காதே. ஒரு நாற்காலி போட்டு உட்கார வை. வீட்டுக்காரங்க வந்து பார்க்கட்டும்."

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் அத்தை, "கம்ப்யூட்டருக்கு நல்ல ஆண்டிவைரஸா ஒண்ணு பார்த்து வாங்கிட்டு வாங்க" என்று சொன்னாள். தப்பு அத்தையுடையதுதான். பின்னால் அவளே ஒத்துக்கொண்டாள்.

அவர்கள் கீழ்வீட்டில் இருக்கிறார்கள், அம்மாவும் நானும் மாடியில். கீழே முன்னறை முழுக்க அத்தையின் எம்பிராய்டரி இயந்திரம். பள்ளிக்கூடச் சட்டைப் பைகளுக்குச் சின்னம், கைக்குட்டைகளில் பெயர், ஓட்டல் பணியாளர்களின் மேல்சட்டையில் கரண்டியும் முள்ளும் என்று பதினோரு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். படத்தைக் கம்ப்யூட்டரில் வரைவாள். வரைந்த படத்தை இயந்திரத்துக்கு அனுப்ப ஒரு சின்ன புரோகிராம் உண்டு. இயந்திரத்தை விற்ற கடையின் மெக்கானிக் அதைத் தானே எழுதிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் திரையில் ஊசி படம் போட்ட ஒரு சின்னம் இருக்கும், அதைத் தொட்டால் போதும். அத்தை அதை 'அனுப்பி' என்று கூப்பிடுவாள். கடை மூடி எட்டு வருடமாகிறது. அனுப்பி மட்டும் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்த பென் டிரைவைச் செருகியதும் அத்தையின் படங்கள் அத்தனையும் காணாமல் போயின. கம்ப்யூட்டர் கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்து மீட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது, உங்கள் ஆண்டிவைரஸ் காலாவதியாகி ஒரு வருடம் ஆகிறது என்றார்.

"அதான் மூலையில ஒரு சின்னம் தெரியுதே" என்றாள் அத்தை.

"ஆள் செத்து ஒரு வருஷமாச்சு. தொப்பி மட்டும் ஆணியில தொங்குது" என்றார் மாமா. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் அப்போதே பார்த்தேன். பாதுகாப்பு விஷயம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. மாமாவின் நிறுவனத்துக்கு ஒரு பெரிய மருத்துவமனை கிடைத்தது. அறுபது காவலாளிகள். புதுச் சீருடை, புதுச் சின்னம். ஆளுக்கு இரண்டு தோளிலும் ஒவ்வொரு பேட்ஜ். மாமா முதலாளியிடம் போய், "என் வீட்டுக்காரி போட்டுத் தருவா சார்" என்று சொல்லிவிட்டார். முதலாளி யோசித்துவிட்டு, "உன் வார்த்தைக்காகத் தர்றேன். அடுத்த மாசம் முதல் திங்கட்கிழமை காலையில ஒருத்தன் பேட்ஜ் இல்லாம நின்னாலும் இனிமே அந்த அம்மாவுக்கு வேலை கிடையாது. சரியா வந்துதுன்னா நம்ம கம்பெனி வேலை மொத்தமும் அவங்களுக்குத்தான்" என்றார். கைக்குட்டை கைக்குட்டையாகப் பெயர் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அன்று அவள் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்ட விதத்திலேயே தெரிந்தது. மூன்று முறை போட்டாள்.

"இந்த வேலை முடியற வரைக்கும் கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகக் கூடாது" என்றாள்.

"நீ கவலையை விடு" என்றார் மாமா.

மறுநாள் அவர் கம்ப்யூட்டர் கடையிலிருந்து மூன்று ஆண்டிவைரஸ்களின் பெயரை எழுதிக்கொண்டு வந்தார். மூன்றையும் முப்பது நாள் இலவசமாக வைத்துப் பார்க்கலாம் என்று கடைக்காரர் சொன்னாராம். ஒன்றன் பின் ஒன்றாகத்தான் போட வேண்டும், சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும் என்றும் எச்சரித்தாராம்.

"எனக்கே பாடம் எடுக்கறான். ஒரே வாசல்ல ரெண்டு பேரைப் போட்டா ரெண்டு பேரும் பேசிட்டு இருப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

ஒவ்வொன்றுக்கும் பத்து நாள். தனியாக ஒரு நீள நோட்டு. தேதி, நேரம், நடந்தது, மேற்பார்வையாளர் குறிப்பு என்று நாலு கட்டம். திரையில் வருவதெல்லாம் ஆங்கிலம் என்பதால் படித்துச் சொல்ல என்னைச் சேர்த்துக்கொண்டார். எனக்கு இரண்டு மொழியும் வரும். வேண்டாம் என்று சொல்லத்தான் எந்த மொழியிலும் வராது.

பெயர்களை மாமா நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. சின்னத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். முதலில் வந்தது ஆந்தை.

ஆந்தை வாயாடி. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திரையின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். "என்ன சொல்றான்?" என்று மாமா கேட்பார்.

"உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது என்கிறது மாமா."

"என்ன ஆபத்தாம்?"

"அது சொல்லவில்லை. முழுப் பதிப்பை வாங்கினால் சொல்லுமாம்."

"வந்த அன்னிக்கே சம்பள உயர்வு கேக்கறான்" என்று நோட்டில் எழுதினார். ஐந்தாம் நாள் அத்தை ஒரு ரோஜாப்பூ வரைந்துகொண்டிருந்தபோது ஆந்தை பூவின் மேலேயே வந்து உட்கார்ந்தது. அத்தை என்னைக் கூப்பிட்டு, "இதை இப்பவே எடு. இல்லைன்னா நான் கம்ப்யூட்டரைத் தூக்கித் தெருவுல வெச்சுடுவேன்" என்றாள். 'வீட்டுக்காரர் புகாரின் பேரில் நீக்கம்' என்று நோட்டில் பதிவானது.

இரண்டாவது கேடயம். அது அமைதியான ஆள்தான், ஆனால் பெருந்தீனி. அது வந்ததும் கம்ப்யூட்டர் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு படத்தைத் திறப்பதற்குள் அத்தை அடுக்களைக்குப் போய் இரண்டு பாத்திரம் கழுவிவிட்டு வருவாள்.

கேடயத்துக்குப் பரீட்சை வைக்க வேண்டும் என்று மாமா தீர்மானித்தார். கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒரு வழி சொன்னார். சோதனைக்கென்றே ஆபத்தில்லாத ஒரு கோப்பு இருக்கிறது, எந்த ஆண்டிவைரஸாக இருந்தாலும் அதைப் பார்த்ததும் கத்த வேண்டும். நான் அதை இறக்கிக் கொடுத்தேன். கேடயம் கத்தியது. மாமாவுக்குத் திருப்தி இல்லை.

"எல்லா காவல்காரனுக்கும் தெரிஞ்ச திருடனா? அவன் என்ன, சீருடை போட்டுட்டா திருட வருவான்? முகம் தெரியாதவன் வேணும் மருமகளே."

"மாமா, நிஜ வைரஸையா வீட்டுக்குள்ளே கொண்டுவரப் போகிறீர்கள்?"

"வாசல் வரைக்கும்தான்."

காலியான பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொண்டு தெருக்கோடி ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பினார். ஊரிலுள்ள அத்தனை பென் டிரைவும் வந்துபோகும் இடம் அதுதான் என்பது அவர் கணக்கு. அசம்பாவிதம் எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள் என்று அத்தை என்னையும் கூட அனுப்பினாள்.

"இதைச் செருகுங்க" என்று மாமா பென் டிரைவை நீட்டினார்.

"என்ன பிரிண்ட் எடுக்கணும்?" என்றார் கடைக்காரர்.

"எடுக்க வேணாம். இதுல ஏத்துங்க."

"எதை?"

"உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் எது இருக்கோ அதை."

கடைக்காரர் கையிலிருந்த காகிதக் கட்டைக் கீழே வைத்தார். "யார் சொன்னது என் கடையில வைரஸ் இருக்குன்னு? எதிர்க்கடைக்காரனா?"

"கோவிச்சுக்காதீங்க. நல்ல காரியத்துக்குத்தான்."

"போன வாரம்தான் மொத்தமா சுத்தம் பண்ணேன். வேற கடை பாருங்க."

"சுத்தம் பண்ணதுல ஒண்ணு ரெண்டு மிச்சம் இருக்காதா?" என்று மாமா மிகவும் மரியாதையாகக் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலை ஆர்வமாகப் படித்தேன். கடைசியில், ஆள் நகர்ந்தால் போதும் என்று கடைக்காரர் பென் டிரைவைச் செருகி எதையோ ஏற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து செருகிப் பார்த்தோம். கேடயம் சும்மா இருந்தது. உள்ளே இருந்தது ஒரே ஒரு கோப்பு, யாரோ முன்பின் தெரியாத ஒருவருடைய வேலை விண்ணப்பம். மாமா அதை முழுக்கப் படிக்கச் சொன்னார். உயரம் ஐந்தடி பதினொன்று. கெட்ட பழக்கம் இல்லை. மூன்று மாதமாக வேலை இல்லை. மாமா நோட்டில் எழுதினார்: 'மதியம் 2.40. முகம் தெரியாத நபர் ஒருவர் உள்ளே வந்தார். வேலை தேடுகிறார். கேடயம் விசாரிக்கவில்லை.' பிறகு அந்த எண்ணுக்குப் போன் போட்டு, "தம்பி, நிக்கற வேலை ஒண்ணு இருக்கு, வர்றியா?" என்று கேட்டார். அந்த மனிதருக்குக் கடைசிவரை தன் விண்ணப்பம் எப்படி அங்கே போனது என்று புரியவில்லை. ஆனால் வேலையில் சேர்ந்துவிட்டார். வைரஸைப் பிடிக்கப் போய் ஒரு காவலாளியைப் பிடித்துக்கொண்டு வந்தது மாமாவாகத்தான் இருக்க முடியும்.

மூன்றாவது பூட்டு. இதைப் போட்டது ஒரு வியாழக்கிழமை. பேட்ஜுக்கு இன்னும் நாலே நாள் இருந்தது.

பூட்டு ஒன்றுமே சொல்லவில்லை. எட்டிப் பார்க்கவில்லை, கேட்கவில்லை, கம்ப்யூட்டரும் வேகமாக ஓடியது. அத்தைக்கு மிகவும் பிடித்துவிட்டது. மாமாவுக்குத்தான் நிம்மதி போயிற்று.

"இருக்கானா, வீட்டுக்குப் போயிட்டானா? ஒரு இருமல் சத்தமாவது வேணாமா?"

"ஆம்பளைங்கள்லயே ஒண்ணு வாயை மூடிட்டு வேலை செய்யுதேன்னு நானே சந்தோஷப்பட்டுட்டு இருக்கேன். கெடுக்காதீங்க" என்றாள் அத்தை.

மாமா விடவில்லை. கம்ப்யூட்டர் முழுவதையும் மூலை முடுக்கு விடாமல் தேடிப் பார்க்கச் சொல்லும் வசதி ஒன்று அதில் இருந்தது. எந்தக் கிழமை, எந்த நேரம் என்று நாமே குறித்துக் கொடுக்கலாம். மாமா குறித்துக் கொடுத்தது சனிக்கிழமை மதியம் இரண்டரை மணி.

சனிக்கிழமை காலையில் அத்தை ஒரு பேட்ஜை மாதிரிக்குப் போட்டு முதலாளிக்கு அனுப்பினாள். நன்றாக இருக்கிறது, நட்சத்திரம் மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்று பதில் வந்தது. அத்தை நட்சத்திரத்தைப் பெரிதாக்கி வைத்துவிட்டு, கறுப்பு நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். வந்ததும் அனுப்பி மூலம் படத்தை இயந்திரத்துக்கு அனுப்பிவிட்டு, அன்று மாலையும் மறுநாள் முழுவதும் ஓட்டினால் நூற்றிருபது பேட்ஜும் முடிந்துவிடும். ஞாயிறு மாலை சீருடைத் தையல்காரர் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

இரண்டே முக்காலுக்குக் கீழிருந்து விசில் சத்தம் கேட்டது. நான் இறங்கி ஓடினேன். மாமா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். திரை முழுக்கச் சிவப்பு.

"பிடிச்சுட்டான் மருமகளே! வாயே திறக்காதவன் பிடிச்சுட்டான்! யாருன்னு படி."

படித்தேன். சந்தேகத்துக்குரிய புரோகிராம். எழுதியவர் யார் என்று தெரியவில்லை. பெயர்: கே எம் நியூ ஃபைனல் டூ.

"பேரைப் பாரு! அப்பன் பேரு கிடையாது, ஊர் பேரு கிடையாது. எவ்வளவு நாளா உள்ள இருக்கானாம்?"

"பதினோரு வருடம்."

"பதினோரு வருஷமா! நம்ம வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு!" மாமா எழுந்து அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இப்ப என்ன பண்ணணுமாம்?"

இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று அழித்துவிடு. இன்னொன்று தனியாக அடைத்து வை. இரண்டையும் விளக்கிச் சொன்னேன். மாமா கைகளைத் தேய்த்துக்கொண்டார். அந்த நேரத்தில் மாடியிலிருந்து அம்மா கூப்பிட்டதால் நான் போய்விட்டேன். அவர் எதை அழுத்தினார் என்று பார்க்கவில்லை.

அத்தை நாலு மணிக்கு நூல் பையோடு வந்தாள். மாமா சட்டை மாற்றி, தலைவாரி உட்கார்ந்திருந்தார்.

"வா வா, உட்காரு. உனக்கு ஒண்ணு காட்டணும்."

"நட்சத்திரத்தை அனுப்பிட்டு வர்றேன், இருங்க" என்று அத்தை ஊசிச் சின்னத்தைத் தொட்டாள். இயந்திரம் அசையவில்லை. மறுபடி தொட்டாள். திரையில் ஏதோ வந்தது. என்னைக் கூப்பிட்டாள்.

நான் வந்து சத்தமாகப் படித்தேன். இந்தச் சின்னத்துக்குப் பின்னால் இருக்க வேண்டிய புரோகிராமைக் காணவில்லை. அதன் பெயர் கே எம் நியூ...

அதோடு நிறுத்திக்கொண்டேன். மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். நான் பொதுவாகவே அதிகம் பேசமாட்டேன். அன்று அது மிகவும் வசதியாக இருந்தது.

"என்னடி, பாதியில நிறுத்திட்டே?"

"அனுப்பியைக் காணவில்லை அத்தை."

அத்தை பதறவில்லை. பீரோவைத் திறந்து இயந்திரத்தோடு வந்த பழைய குறுந்தகட்டைத் தேடி எடுத்தாள். அதன் மேல் பதினோரு வருடத்துக் கீறல்கள். கம்ப்யூட்டர் அதை வாயில் வாங்கி, கரகரவென்று கொஞ்ச நேரம் மென்று, துப்பிவிட்டது. கம்ப்யூட்டர் கடைக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. பிறகு யார் யாரையோ பிடித்து அந்தப் பழைய மெக்கானிக்கின் எண்ணை வாங்கினாள். இதற்குள் ஐந்தரை ஆகிவிட்டது. மாமா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, கழற்றிய நூல் சுற்றும் பாபின்களை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். வாழ்நாளில் அவர் பாபினைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

மெக்கானிக் இப்போது லாரி ஓட்டுகிறாராம். அத்தை போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"அதுவா? அதை நான் ஒரு மதியானத்துல உட்கார்ந்து எழுதினது அக்கா. இன்னுமா ஓடுது?"

"காலையில வரைக்கும் ஓடுச்சு தம்பி. உங்ககிட்ட இன்னொரு காப்பி இருக்குமா?"

"எங்க இருக்கும் அக்கா? அந்தக் கம்ப்யூட்டரையே வித்துட்டேன். ஆமா, புதுசா ஆண்டிவைரஸ் ஏதாச்சும் போட்டீங்களா? அதுங்களுக்கு என் புரோகிராமைக் கண்டாலே ஆகாது. நாலு இடத்துல பிடிச்சுக் கொன்னுருக்குதுங்க."

அத்தை போனை வைத்தாள். பாபின் அடுக்கும் சத்தம் நின்றது.

"ஏங்க" என்றாள்.

அத்தை 'ஏங்க' என்று நாலு விதமாகச் சொல்வாள். சாப்பிடக் கூப்பிடுவது ஒன்று, கடைக்கு அனுப்புவது ஒன்று, விருந்தாளி முன்னால் வாயை மூடச் சொல்வது ஒன்று. நாலாவதை நான் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

"நான் சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார் மாமா.

"என்ன பண்ணீங்க?"

"பேரு கே எம்னு இருந்தா அது நம்ம அனுப்பின்னு எனக்கு எப்படித் தெரியும்? மருமகளுக்கே தெரியல."

"அவளை இழுக்காதீங்க. அறுபது பேரு திங்கட்கிழமை மொட்டைத் தோளோட நிக்கப் போறாங்க. உங்க முதலாளி முகத்துல நான் எப்படி முழிக்கறது? பதினோரு வருஷத்துல இப்பதான் ஒரு நல்ல வேலை கதவைத் தட்டுச்சு. அதை வீட்டுல இருந்த காவல்காரரே விரட்டிட்டாரு." அத்தை குரலை உயர்த்தவில்லை. நூல் கண்டுகளைத் திரும்பப் பைக்குள் போட்டாள். அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

"அழிச்சுட்டீங்களா?" என்று கடைசியாகக் கேட்டாள்.

மாமா எழுந்து நின்றார். "கை அங்கதான் போச்சு. பொய் சொல்லல. பதினோரு வருஷமா ஏமாத்தியிருக்கானேன்னு ஆத்திரம். ஆனா அந்த மருமகன் ஞாபகம் வந்துடுச்சு."

"எந்த மருமகன்?"

"மதில் ஏறினவன். அடிச்ச அப்புறம்தானே யாருன்னு தெரிஞ்சுது. அதான் அழிக்கல. உட்கார வெச்சிருக்கேன். வீட்டுக்காரி வந்து பார்க்கட்டும்னு."

"உயிரோட இருக்கா?"

"நாற்காலியில உட்கார்ந்திருக்கு."

"இதைச் சொல்ல உங்களுக்கு ஒன்றரை மணி நேரமா?"

"பயமா இருந்துச்சு" என்றார் மாமா. நாற்பத்தெட்டுக் கட்டடத்துக்குக் காவல் போடுகிறவர்.

அத்தைக்குச் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா தெரியவில்லை. "நகருங்க, அவளுக்கு இடம் விடுங்க" என்றாள்.

அடைத்து வைத்த அறையை நான் திறந்தேன். கே எம் பத்திரமாக இருந்தது. விடுவி என்ற பொத்தானை அழுத்தினேன். ஊசிச் சின்னம் உயிர் பெற்றது. அத்தை கையைக் கொண்டுபோவதற்குள் திரை மறுபடி சிவந்தது. பூட்டு அதைத் திரும்பப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டது. மறுபடி விடுவித்தேன். மறுபடி பிடித்தது. மூன்றாவது முறை இன்னும் சீக்கிரம்.

"என்ன ஆளுடா இவன்!" என்று மாமா தன்னை மறந்து சொல்லிவிட்டார். "முப்பது வருஷத்துல இப்படி ஒருத்தனை நான் பார்த்ததில்ல."

"அப்ப அவனையே கட்டிக்கோங்க" என்றாள் அத்தை. "இப்ப அவனை வேலையை விட்டுத் தூக்குங்க. எனக்கு நூத்தியிருபது பேட்ஜ் போகணும்."

மாமா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். தூக்கிவிட்டால், நாளைக்கு இன்னொரு பென் டிரைவ் வந்தால் அத்தையின் படங்களுக்கு யார் பொறுப்பு? திரையையே கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, சட்டென்று தன் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"தப்பு அவன் மேல இல்ல. என் மேலதான். முதல் நாள் நாங்க என்ன பண்ணுவோம்? பழைய ஆள் ஒருத்தனை விட்டு, புது ஆளைக் கூட்டிட்டுப் போய் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, இவங்க இந்த வீடு, இது பால்காரர், இது மூணாவது மாடி மாப்பிள்ளைன்னு முகம் காட்ட வைப்பேன். இவனுக்கு நான் யாரையுமே காட்டலையே! பரீட்சை மட்டும்தானே வெச்சேன். மருமகளே, முகம் காட்டற இடம்னு இவன்கிட்ட எங்கயாச்சும் இருக்கா பாரு."

தேடினேன். நாலாவது பக்கத்தில், ஒரு மூலையில் இருந்தது. நம்பிக்கைக்குரியவர்கள் பட்டியல். காலியாக இருந்தது.

"சேர்க்கட்டுமா அத்தை?"

"சேரு. பதினோரு வருஷம் என்கூட வேலை செஞ்சிருக்கு. இவரை விட ஒழுங்கா."

சேர்த்துவிட்டு விடுவித்தேன். மூவரும் திரையையே பார்த்தோம். திரை சிவக்கவில்லை. அத்தை ஊசியைத் தொட்டாள். இயந்திரம் ஒரு குலுங்கு குலுங்கி, தடதடவென்று பெரிய நட்சத்திரத்தைப் போட ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அது நிற்கவே இல்லை. மாமா லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். நூல் அறுந்தால் விசில் ஊத வேண்டும் என்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஒன்பது முறை ஊதினார். இரண்டு முறை அறுந்திருந்தது. மாலை தையல்காரர் வந்தபோது நூற்றிருபதாவது பேட்ஜ் இன்னும் சூடாக இருந்தது. திங்கட்கிழமை அறுபது பேரும் தோளில் நட்சத்திரத்தோடு நின்றார்கள். நிறுவனத்தின் வேலை மொத்தமும் அத்தைக்கு வந்துவிட்டது.

பூட்டை அத்தையே காசு கொடுத்து நிரந்தரமாக்கினாள். மாமாவின் நோட்டையும் எடுத்து, கடைசிக் கட்டத்தில் தன் கையால் எழுதினாள்: 'பூட்டு, தேர்வு. மேற்பார்வையாளர், இன்னும் பத்து நாள் பார்க்கலாம்.'

அந்தப் பத்து நாள் முடிவதற்குள் மாமா மருத்துவமனைக்குப் பரீட்சை வைக்கக் கிளம்பினார். பழைய சட்டை, தொப்பி, தோளில் நாற்காலி, மதியம் இரண்டரை. முன்வாசலில் எல்லோருக்கும் அவரைத் தெரியும் என்பதால் பின்வாசலுக்குப் போனார். அங்கே நின்றது ஐந்தடி பதினொன்று. ஜெராக்ஸ் கடையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த ஆள். மாமாவிடம் போனில் பேசியவர்தானே தவிர, முகம் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் நான் கீழ்வீட்டில்தான் இருந்தேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அத்தையின் போன் அடித்தது. கையில் நூல் இருந்ததால் என்னை எடுத்துப் பேசச் சொன்னாள்.

"வணக்கம்மா. மருத்துவமனை பின்வாசல்லேர்ந்து பேசறேன். ஒருத்தர் நாற்காலி தூக்கிட்டு உள்ள போகப் பார்த்தாரு. யாருன்னு கேட்டா மேற்பார்வையாளர்ங்கறாரு. அட்டை கேட்டா பழைய சட்டையில இல்ல, புதுச் சட்டையில இருக்குங்கறாரு. நான் ஒண்ணும் பண்ணலம்மா. நாற்காலி அவருகிட்டயே இருந்துச்சு, அதுலயே உட்கார வெச்சிருக்கேன். விசில் வேற வெச்சிருந்தாரு, அதையும் வாங்கி வெச்சிட்டேன். உங்க நம்பரைக் கொடுத்தாரு. வீட்டுக்காரங்கதான் சொல்லணும்."

பின்னால் மாமாவின் குரல் கேட்டது. கோபமாக இல்லை. "நல்லா கேட்டியா? அடிக்கவே இல்ல பாரு! எவ்வளவு பிரமாதமான ஆளு!" என்று என்னிடமோ அவரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். அத்தை ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவரைத் தெரியுமான்னு கேக்கறாங்களா?"

"ஆமாம் அத்தை."

இயந்திரத்தில் இன்னும் ஆறு நட்சத்திரம் பாக்கியிருந்தது. அத்தை அவற்றை எண்ணிப் பார்த்தாள்.

"இதை முடிச்சுட்டு வந்து முகம் பார்த்துச் சொல்றேன்னு சொல்லு. அதுவரைக்கும் உட்காரட்டும்."